மணிப்பூர் என்று சொன்ன தெரு

போன வாரம் எங்கள் சாக்குக்கடையின் தூசியில் கொண்டுபோய் உங்களை நிறுத்தியிருந்தேன். தட்டிவிட்டு, கோட்டைப் பக்கம் அழைத்துப் போகலாம் என்றுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒரு சத்தம் குறுக்கே படுத்துக்கொண்டிருக்கிறது.

பைக் ஸ்டாண்டு தரையில் இறங்கும் சத்தம். டக்.

செஞ்சி பஜாரில் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். ஆனால் கொஞ்ச காலமாக எங்கள் வீட்டில் ஒவ்வொரு டக்குக்கும் யாராவது வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு இறங்கியது, நாங்கள் காத்திருந்த டக்.

வெயில் ஏறும் நேரம். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே கடை வாசலில் என் அண்ணி பழைய சாக்குகளை உதறிக்கொண்டிருந்தாள். எதிரே கன்னியப்பன் அண்ணனின் டீக்கடை. பைக்கிலிருந்து இறங்கியவர் சீருடையில் இல்லை. கோடு போட்ட சட்டை, முழங்கை மடிப்பில் ஹெல்மெட், அக்குளில் ஒரு ஃபைல். காலில் மட்டும் போலீஸ்காரர் ஷூ, பழுப்பு நிறம், பளபளப்பு.

தெருவுக்கு ஷூவைப் பார்த்தாலே போதும். பூக்கட்டும் பச்சையம்மாவின் விரல்கள் நின்றன. பஞ்சர் கடையில் காற்றடிக்கிற மெஷினை யாரோ அணைத்தார்கள். அது அணைந்த பிறகுதான், இவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது.

"இந்தத் தெருவுல வெளிநாட்டுப் பொம்பள ஒருத்தங்க இருக்காங்களாமே?"

கன்னியப்பன் அண்ணன் கையைத் தலைக்கு மேலே தூக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். டீ முழுக்கக் கீழே வந்துவிட்டது. தூக்கிய கை வரவில்லை.

"வெளிநாடா? நம்ம தெருவுலயா? அப்டி யாரும் இல்லியே சார்."

கீழே அண்ணி உதறுவதை நிறுத்தியிருந்தாள். ஏற்கெனவே உதறிய தூசி வெயிலில் மெதுவாக, மிக மெதுவாக, அவள் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பெண்

அண்ணியின் பெயர் மரிசெல். பிலிப்பைன்ஸ் நாட்டில் கடலோரத்து ஊர் ஒன்றில் பிறந்தவள். செஞ்சி அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று மாரிச்செல்வி ஆக்கியது. பிறகு அதுவும் நீளம் என்று மாரிம்மா ஆக்கிவிட்டது.

என் அண்ணன் சேகர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தான். அவள் அங்கே ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஞாயிறுதான் விடுமுறை. ஒரு பூங்கா பெஞ்சு. ஒரே பெஞ்சில் இரண்டு ஓரம். எந்த மொழியில் பேசினீர்கள் என்று கேட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

எங்கள் நைனா படுக்கையில் விழுந்தபோது கடையைப் பார்க்க அண்ணன் திரும்பி வந்தான். கூடவே அவளும் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கல்யாணம் இங்கேதான் நடந்தது. கயல் பிறந்ததும் இங்கேதான்.

தமிழ் பேச, தெருவிடம் கற்றாள். ஆகவே அவள் பேசுவது சுத்தமான செஞ்சிப் பேச்சு. படிக்க, சாக்குகளிடம் கற்றாள். அரிசி மூட்டையில் அச்சடித்த பெரிய எழுத்துகள்தான் அவள் அரிச்சுவடி. இன்றைக்கும் எந்த எழுத்தையும் விரலால் தடவித்தான் படிப்பாள், சணலில் இருப்பதுபோல. ஞாயிறு வந்தால் வினிகரும் பூண்டும் மிளகும் போட்டுக் கோழி சமைப்பாள். அந்தப் புளிப்பு வாசனை மாடிப்படி ஏறும்போது, கண்ணை மூடினால், எனக்குத் தெரியாத ஒரு கடல் தெருவுக்குள் வந்துபோகும்.

இத்தனை ஆண்டுகளில் அவள் எங்கள் கோட்டைக்குள் போனதே இல்லை. வந்த புதிதில் ஒருநாள் குடும்பமாகக் கிளம்பினோம். டிக்கெட் கொடுக்கிறவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இவங்களுக்கு வெளிநாட்டு டிக்கெட் என்றார். அண்ணனுக்குச் சுருக்கென்றது. என் பொண்டாட்டி என் ஊர் மலை ஏற வெளிநாட்டு டிக்கெட்டா, அப்படி ஒரு மலை எனக்கு வேண்டாம் என்று எல்லோரையும் திருப்பி அழைத்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை. கோட்டை மலையான ராஜகிரி தினமும் அவள் ஜன்னலில் நிற்கும். அவள் பாட்டுக்கு அதற்குக் கீழே துணி காயப்போடுவாள்.

மராட்டியர், நவாப், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று யார் யாரோ டிக்கெட் இல்லாமல் ஏறிய மலை. சரி, அது வேறு கதை.

அண்ணன் ஒரு மழைக்காலத்தில் இறந்தான். லாரியிலிருந்து தார்ப்பாய்க் கட்டு இறக்கிக்கொண்டிருந்தவன், நெஞ்சைத் தொட்டான், ஏதோ ஞாபகம் வந்தவனைப்போல் கட்டின் மேலேயே உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

அவள் இங்கே தங்க வாங்கியிருந்த அனுமதியெல்லாம் அவன் மனைவி என்ற பேரில் நீட்டித்து நீட்டித்து வந்தது. அவன் இருக்கும்போதே குடியுரிமைக்கு மனு போட்டிருக்கலாம். கேட்டால், அவ எங்க போவப் போறா, நாம எங்க போவப் போறோம் என்பான். இப்போது அவன் போய்விட்டான். அலுவலகத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள்: கணவர் இல்லை, இனி இதே பேரில் நீட்டிக்க முடியாது, குடியுரிமை கேளுங்கள், கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியிருக்கும்.

கிளம்ப. எங்கே? அவளுக்குப் பெற்றோர் இல்லை. பிறந்த வீட்டைப் புயல் ஒன்று கொண்டுபோய்விட்டது. கயல் விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள். கயல் இந்தியா. கயலைப் பெற்றவள் வெளிநாடு. ஒரே வீட்டில், ஒரே பாயில்.

வரப்புக்கு இந்தப் பக்கம்

கோர்ட்டுக்குப் பின்னால், பழைய நெல் மண்டி ஒன்றின் முன்னறையில் இருந்தது வக்கீல் பரிமளாவின் ஆபீஸ். என்னைவிட வயதில் சின்னவள். அவள் அம்மா இன்றைக்கும் தொண்டூர்ப் பக்கம் நடவுக்குப் போகிறவர். சுவர் ஓரம் முழுக்கக் கட்டுக்கட்டாகப் பாகப்பிரிவினைகளும் பாதைத் தகராறுகளும்.

எடுத்த எடுப்பில் உடைத்துச் சொன்னாள்.

"அக்கா, இந்த மாதிரி கேஸ் நான் பாத்ததில்ல. இதுவரைக்கும் நான் நடத்துனது எல்லாம் ஒருத்தர வரப்புக்கு அந்தாண்ட தள்ற கேஸ். ஒருத்தர உள்ள சேக்கற கேஸ் இதான் முதல்ல."

சென்னையில் தெரிந்தவர்களைக் கேட்டாள். படித்தாள். புருஷன் இருந்திருந்தால் மனைவி என்ற வழி இருந்தது, இப்போது அது அடைபட்டுவிட்டது என்றாள். மிச்சம் இருப்பது நீளமான வழி: யாருடைய மனைவி என்பதால் அல்ல, இத்தனை காலம் ஒழுங்காக இங்கேயே வாழ்ந்தவள் என்பதையே காரணமாகக் காட்டிக் கேட்பது. ஊரில் இரண்டு பேர் அவள் நடத்தைக்குச் சத்தியம் செய்து எழுதித்தர வேண்டும். தமிழ் தெரியும் என்று தெரிந்தவர்கள் சான்று தரவேண்டும். பத்திரிகையில் அறிவிப்புப் போடவேண்டும். அப்புறம் விசாரணைக்கு ஆள் வருவார்.

அந்தக் கடைசி வார்த்தையில் அண்ணியின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கியதைப் பார்த்தேன்.

பரிமளா அவளைத் தினமும் வரச்சொன்னாள். எதிரே உட்காரவைத்து, தானே அதிகாரியாகிக் கேள்வி கேட்பாள். எப்போ வந்தீங்க. எதுக்கு வந்தீங்க. இங்க வேலை பாக்கறீங்களா. அண்ணி பயத்தில் அழகழகான பதில்களாகத் தயார் செய்துகொண்டு வருவாள். இந்தியாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார், இந்த மாதிரி. பரிமளா பேனாவால் மேஜையைத் தட்டுவாள்.

"நல்ல பதில் வேணாம் மாரிம்மா. நடந்தது போதும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தெரியலன்னு சொன்னதுக்கு எந்த சட்டத்துலயும் தண்டன கெடையாது."

இதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால்கூட அண்ணி ஒரு கணம் யோசித்து, நிஜமாகவே தெரிந்தால் மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

தமிழ்ச் சான்று சுலபமாகக் கிடைத்தது. பள்ளிக்கூடத் தமிழாசிரியர் செய்தித்தாளைக் கொடுத்தார். அவள் விரலால் தடவித் தடவி ஒரு பத்தி படித்தாள். போதும், ஏதாவது பேசும்மா என்றார். நெல்லுக்கு எந்தச் சாக்கு, வேர்க்கடலைக்கு எந்தச் சாக்கு, எலி கடித்த சாக்கை விற்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆரம்பித்தாள். ஆசிரியர் கையெழுத்துப் போட்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை.

காணாமல் போன பக்கம்

அறிவிப்புத்தான் எங்களைத் தூங்கவிடவில்லை.

இன்ன ஊரில் இன்ன தெருவில் வசிக்கும் இன்னார் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறார். அவருக்கு அதை ஏன் தரக்கூடாது என்று யாருக்காவது காரணம் தெரிந்தால், அரசுக்கு எழுதித் தெரிவிக்கலாம். கருத்து அவ்வளவுதான். ஆனால் அச்சில் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஒரு பெண்ணை முச்சந்தியில் நிற்கவைத்து, இவளை வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்பதுபோல இருந்தது. யார் எழுதுவார்கள்? சாக்கு திருப்பித் தராமல் சண்டை போட்டவரா? அவள் முகத்தைப் பார்த்து ஒருமாதிரிச் சிரிக்கிற அந்த ஆளா? நல்லவர்கள் முகங்களெல்லாம் அந்த வாரம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

அறிவிப்பு வந்த அன்று காலையில் டீக்கடையில் ஒரே சலசலப்பு. அங்கே பேப்பர் வந்ததும் பிரித்துவிடுவார்கள். விளையாட்டு ஒருவர் கையில், அரசியல் ஒருவர் கையில், மாவட்டச் செய்தி பெஞ்சு ஓரத்தில். அன்றைக்கு ஒரு தாள் குறைந்தது.

எங்கய்யா உள்பக்கம் என்று கேட்டவர்களிடம், வடை மடிக்கப் போயிருக்கும் என்றார் கன்னியப்பன் அண்ணன். வடைச் சட்டியே அன்றைக்கு அடுப்பில் ஏறவில்லை. பிறகு கடைக்கு வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார்:

"தங்கச்சி, கவலப்படாத. நம்ம கடைல யாரும் பாக்கல. அந்தாண்ட சலூன்லயும் சொல்லி எடுத்துட்டேன்."

அந்தத் தாளை மடித்து மடித்துக் கட்டைவிரல் அளவுக்கு ஆக்கி, பனியனுக்குள் வைத்திருந்தார்.

ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் போடுகிறார்கள் அண்ணே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்தவளுக்கு உலகம் தெரியவில்லை என்ற பார்வை. இதைக் கேட்டுப் பரிமளா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தத் தாளுக்குள் மடங்கிக் கிடந்தது என்ன என்று அப்போது எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

இல்லியே சார்

இப்போது அந்த முற்பகலுக்குத் திரும்புகிறேன்.

நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அந்த மனிதர் டீக்கடையிலிருந்து பூக்காரியிடம் போயிருந்தார். அங்கிருந்து பஞ்சர் கடை. ஒவ்வொரு இடத்திலும் ஏதோ கேட்டார், ஏதோ எழுதினார். கடைசியாக எங்கள் கடைக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

அண்ணி எல்லாவற்றுக்கும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிறந்த ஊர், வந்த விதம், அவன் இறந்த மழை. பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அதையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார், எதிரே டீக்கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சரிம்மா என்று கிளம்பிவிட்டார்.

முடிந்தது என்று நினைத்தோம். அண்ணி அப்படியே சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கன்னியப்பன் அண்ணன் கேட்காமலே டீ கொண்டுவந்தார். முகமெல்லாம் வெற்றி. நான் அதை வெறும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பரிமளா ஸ்கூட்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். விழுப்புரம் போலீஸ் ஆபீஸிலிருந்து அவளுக்குப் போன் வந்திருந்தது. தெருவில் எல்லோரையும் கூட்டிவரச் சொன்னாள். மத்தியானம் கடை ஓய்ந்த நேரம். பின்கட்டுக் கிடங்கில், சணல் வாசனைக்குள், ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்தார்கள்.

"அவர்கிட்ட யாரு இன்னா சொன்னீங்க? மறைக்காம சொல்லுங்க."

பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியப்பன் அண்ணன்தான் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மணிப்பூர்னு சொல்லிட்டோம்."

"என்னது?"

"அவரு விடல வக்கீலம்மா. அப்ப அந்த சப்ப மூக்குப் பொம்பள யாருன்னாரு. மணிப்பூரு சார், பியூட்டி பார்லர் வேலைக்கு வந்த பொண்ணு, நம்ம சேகரு கட்டிக்கினான்னு சொன்னேன். திண்டிவனத்துல இந்த மாதிரி பொண்ணுங்க இருக்குதுங்க இல்ல? நம்பிட்டாரு."

பச்சையம்மா மெல்லிய குரலில், தான் அஸ்ஸாம் என்று சொன்னதாகச் சொன்னாள். பஞ்சர் கடைக்காரர், நான் நேபாளம்னேன் என்றார்.

"யோவ், நேபாளம் வெளிநாடுய்யா," என்றார் கன்னியப்பன் அண்ணன்.

"அது எப்போலேருந்து?"

யாரோ சிரித்தார்கள். பரிமளா சிரிக்கவில்லை. சிரிப்பு தானாக அடங்கும்வரை நின்றாள்.

"நீங்க காப்பாத்துனதா நெனச்சிக்கினு இருக்கீங்க. அவரு நம்பல. அவரு இன்னா நெனைக்கிறாருன்னு தெரியுமா? இந்தம்மா இத்தினி வருசமா ஊர ஏமாத்தி, இந்தியாவுல பொறந்தவன்னு சொல்லிக்கினு திரியுதுன்னு நெனைக்கிறாரு. இந்த ஒரு வரி மேல போச்சுன்னா மனு அங்கயே முடிஞ்சுது. நடத்த சரியில்லன்னு எழுதிடுவாங்க."

கிடங்கில் எலி ஓடும் சத்தம் கேட்டது.

வெளிநாடு என்று ஒத்துக்கொண்டால் கையோடு பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரு நினைத்திருக்கிறது. அவள் வெளிநாடு என்பதைத்தான் அவளே எழுதிக்கொடுத்து, அதற்கு மேல்தான் குடியுரிமை கேட்கிறாள் என்பது யாருக்கும் ஏறவில்லை. மனு என்றால் தப்பு செய்தவர்கள் போடுவது என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். அவர்கள் முகங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அன்பு இருந்தது. அந்த அன்பைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

ஒரே வழிதான் என்றாள் பரிமளா. சொன்னவர் நேரில் போய், நான்தான் சொன்னேன், என் இஷ்டத்துக்குச் சொன்னேன், அவள் அப்படி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்று எழுதித்தர வேண்டும்.

"அதாவது, போலீசுக்கே போய், நான் போலீஸ்காரர்கிட்ட பொய் சொன்னேன்னு சொல்லணும்," என்றார் கன்னியப்பன் அண்ணன்.

"ஆமாண்ணே."

அவர் நெஞ்சு மெல்ல இறங்கியது. அவருடைய மகன் குவைத் போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருந்தான். அந்த விசாரணையும் போலீஸ் கையில்தான் இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய சணல் நாரைத் தட்டிக்கொண்டே போனார்.

ஆறிய அடுப்பு

அடுத்த நாள் டீக்கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும்.

எனக்கு நினைவு தெரிந்து அந்த அடுப்பு ஆறி நான் பார்த்ததில்லை. தெருவுக்கு நடுவில் ஒரு பல் விழுந்ததுபோல இருந்தது. அவர் வீட்டில் கேட்டால், உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பச்சையம்மா வருகிறேன் என்றாள். ஆனால் விசாரணைக்கு வந்தவர் முதலில் கேட்டது டீக்கடையில். மற்றவர்கள் அதையொட்டிச் சொன்னவர்கள். அந்த வாய் வந்தால்தான் கேஸ் நிற்கும் என்றாள் பரிமளா.

தேடிப் பிடித்து வரலாமே என்று நான் சத்தம் போட்டேன். அவள் மறுத்துவிட்டாள். பயந்தவரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால், அவர் அங்கே இன்னொரு ஊர் பேர் சொல்வார் என்றாள்.

அண்ணி கடையைக் கூட்டும்போது எதிர்க்கடை ஷட்டர்வரை சேர்த்துக் கூட்டினாள். ஒருநாள் கயலின் துணிகளைத் தனியாக மடித்து, தன் துணிகளைத் தனியாக மடித்து, இரண்டு பைகளில் வைத்தாள். என்ன செய்கிறாய் என்றேன். சும்மா, எது யாருதுன்னு பாத்தேன் என்றாள். பிறகு இரண்டையும் மறுபடி ஒரே அலமாரியில் கலந்து வைத்தாள்.

விழுப்புரம் போகவேண்டிய நாள் அமாவாசையாக வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டு முழுக்க மேல்மலையனூர்க் கூட்டம். எலுமிச்சம்பழ வாசனை, வேப்பிலை, ஸ்பெஷல் பஸ்ஸில் ஜன்னல் வழியாக ஏறும் பிள்ளைகள். எல்லோரும் அம்மனிடம் போகிற நாளில் நாங்கள் எதிர்த்திசை பஸ்ஸில் ஏறினோம். அண்ணி, நான், பரிமளா, பச்சையம்மா. கன்னியப்பன் அண்ணன் இல்லை.

அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதன் ஓரத்தில் மொட்டைத்தலை ஒன்று உட்கார்ந்திருந்தது. தலை முழுக்கச் சந்தனம், காதோரம் மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது. நாங்கள் கடந்தே போய்விட்டோம்.

"மாரிம்மா," என்றது தலை.

இத்தனை நாளும் மேல்மலையனூரில் தங்கியிருந்திருக்கிறார் கன்னியப்பன் அண்ணன். அங்கே போய் அம்மனிடம் கேட்டாராம். என்ன சொன்னாள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முடியை இறக்கிவிட்டு, விடிந்ததும் முதல் பஸ் பிடித்து எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே அந்த அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்தவருக்கு முடி இருந்ததே என்றார். ஆதார் கார்டில் இருந்த படத்துக்கும் முடி இருந்தது. பரிமளா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் கன்னியப்பன் அண்ணன், சார் அன்னிக்கு நீங்க சக்கர கம்மியா கேட்டீங்க, நான் பயத்துல தூக்கலாப் போட்டுட்டேன், பாதி டம்ளர வெச்சிட்டுப் போயிட்டீங்க என்றார். அதிகாரி பேனாவை மூடினார்.

"சொல்லுங்க. ஏன் மணிப்பூர்னு சொன்னீங்க?"

"மணிப்பூரு நம்ம நாடுதான சார்?"

"ஆமா."

"அதான் சார்."

மின்விசிறி காகிதங்களின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பிறகு எழுதினார். முழுக்க எழுதி வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். எழுதிக்கொடுத்ததற்கு என்ன ஆகும் என்று கன்னியப்பன் அண்ணன் கேட்கவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்து சந்தனத்தைச் சொறிந்துகொண்டார்.

அதிகாரி அண்ணி பக்கம் திரும்பினார். பரிமளா எத்தனையோ கேள்விகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். இது அதில் இல்லை.

"உங்க வீட்டுக்காரர் போயிட்டாரு. உங்களுக்குன்னு ஒரு நாடு இருக்குது. திரும்பிப் போனா இன்னா?"

அண்ணி யோசித்தாள். உப்பு எங்கே என்று கேட்டால் யோசிப்பாளே, அதேபோல.

"போனா எங்க எறங்கணும்னு தெரியல சார்."

தெரியல

விசாரணை சாதகமாகப் போனது என்று பின்னர் தெரிந்தது. கன்னியப்பன் அண்ணனின் மகனுக்கும் பாஸ்போர்ட் வந்தது, தாமதமாக. ஃபைல் மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து டெல்லிக்கும் போனது. போனது போனதுதான். இரண்டு மழைக்காலம் வந்துபோயின.

ஒருநாள் வாசலில் டக்.

இந்த முறை கன்னியப்பன் அண்ணன் கேள்விக்கே காத்திருக்கவில்லை. டீ வடிகட்டியோடு தெருவில் இறங்கிவிட்டார்.

"அவங்க வெளிநாடுதான் சார். பிலிப்பைன்ஸ். தெருவுக்கே தெரியும். யார வேணா கேளுங்க."

தெரு முழுக்கத் தலையாட்டியது. வந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர். ஒரு கையெழுத்து வேண்டும் அவ்வளவுதான் என்றார்.

கடைக்குள் அண்ணி சாக்குகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இந்தத் தெரு இப்படி உரக்க ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லிக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவள் கீழே பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே கட்டியிருந்த ஒரு கட்டை அவிழ்த்து, மறுபடியும் கட்டினாள்.

கவரைப் பரிமளாவிடம் கொண்டுபோனோம். அவள் படித்தாள், சிரித்தாள், மறுபடி படித்தாள், சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. விண்ணப்பத்தை ஏற்கிறார்கள். ஆனால் சான்றிதழ் தருவதற்கு முன்னால், இப்போது இருக்கிற குடியுரிமையை விட்டுவிட்டேன் என்பதற்கு அத்தாட்சி தரவேண்டும். முதலில் அங்கே விடு. பிறகு இங்கே தருகிறோம்.

நடுவில்?

அண்ணி அந்தத் தாளை வாங்கி, ஆங்கில எழுத்துகளை விரலால் தடவிப்பார்த்தாள்.

"நான் அதக் குடுத்துட்டு வந்தப்புறம், இவங்க வேணாம்னுட்டாங்கன்னா? அப்ப நான் எந்த ஊரு வக்கீலம்மா?"

பரிமளா வாயைத் திறந்தாள். ஆறுதலாக ஏதோ சொல்லத்தான் திறந்தாள், உதட்டில் தெரிந்தது. ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்து அண்ணியிடம் அத்தனை நாள் சொன்னது அவளுக்கே குறுக்கே வந்திருக்க வேண்டும்.

"தெரியல மாரிம்மா," என்றாள்.

சென்ற மாதம் சென்னை போனோம். அவள் நாட்டு அலுவலகத்தில் ஒரு கண்ணாடிச் சன்னல், அதற்குள் அவளைப்போலவே மூக்கும் கண்ணும் கொண்ட ஒரு பெண். இருவரும் அவர்கள் மொழியில் பேசினார்கள். அண்ணி திக்கினாள். ஒரு சொல்லுக்கு நின்றாள், நடுவே 'அதான்' என்று தமிழில் சொல்லிவிட்டாள். பாஸ்போர்ட்டை நீட்டும்போது அவள் கை சட்டென்று விடவில்லை. உள்ளே இருந்த பெண் மெல்ல இழுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது திருவண்ணாமலை பஸ். திண்டிவனம் தாண்டியதும் பின் சீட்டில் வந்த ஒரு அம்மாள் எங்கள் சீட்டுக்கு மாறி மூன்றாவதாக உட்கார்ந்தாள். மடியில் முறுக்கு டின். அண்ணியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ எந்த ஊரும்மா?"

எல்லா பஸ்ஸிலும் கேட்கிற கேள்வி. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அவளுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வது? அந்த மத்தியானத்தில் அவளுடைய ஊர் எது என்று எந்த அரசாங்கத்துக்கும் நான் சத்தியம் செய்ய முடியாது. இதை எழுதுகிற இன்றைக்கும் முடியாது. டெல்லியிலிருந்து இன்னும் எதுவும் வரவில்லை.

"செஞ்சிக்குப் போறேங்க," என்றாள் அண்ணி.

"அது நீ டிக்கெட் எடுக்கறப்பவே கேட்டுச்சு. எறங்கறது செஞ்சி. நீ எந்த ஊருன்னு கேட்டேன்."

ஜன்னலில், அவள் இன்னும் ஏறாத அந்த மலை, பாறை பாறையாக, வெயிலில் எழும்பி வந்துகொண்டிருந்தது. என் மணிக்கட்டில் அவள் பிடி இன்னும் இறுகியது.

அதே பதிலை அவள் இன்னொரு தடவை சொன்னாள்.